டைரக்ட் கொடுத்த ஒயர்

அண்ணனூரிலிருந்து மின்சார ரயில் கிளம்பும்போது அதன் அடியிலிருந்து ஓர் ஓசை எழும். முதலில் முனகல். பிறகு மெல்லிய சீழ்க்கை. அது உயர்ந்து, இன்னும் உயர்ந்து, காதால் தொடர முடியாத ஓர் உயரத்துக்குப் போய் மறைந்துவிடும். பெட்டியில் இருக்கிற யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை. போனைப் பார்க்கிறார்கள், முறுக்குக்காரரிடம் சில்லறை இல்லை என்கிறார்கள், ஜன்னலோர இடத்துக்கு முண்டுகிறார்கள். எனக்கு மட்டும் வலது கையின் நடுவிரலில் ஏதோ ஓடும். மடங்காத விரல் அது. மற்ற நான்கும் கம்பியைப் பிடிக்கும்போது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும், யாரையோ எதையோ சுட்டிக்காட்டுவதைப் போல.

ஒரு சர்வோ மோட்டாரும் இப்படித்தான் பாடிக்கொண்டு எழும். ரயிலின் குட்டிபோல.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டின் பக்கவாட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில், கட்டில் அளவுக்கு ஒரு மிஷின் இருந்தது. கம்ப்யூட்டரில் கோடு போட்டுக்கொடுத்தால் அதே கோட்டில் கத்தியை ஓட்டி மரத்தையும் அலுமினியத்தையும் செதுக்கும் சிஎன்சி மிஷின். கம்பெனிகளில் இருப்பதைப் போல யானைக் கனம் கிடையாது. பொழுதுபோக்காகச் செய்துகொண்டது. நான் பிறந்து வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பாவைப் போலவே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்டோர்ஸில் பொருள் எடுத்துக் கொடுக்கிற ஆள். வெளியே எங்காவது இரண்டு வரி எழுதிவிட்டால் கேண்டீனில் ‘கவிஞரே’ என்று கூப்பிடுவார்கள், பாதி கேலி, பாதி பாசம். எழுதாத நேரத்தில் கைக்கு வேலை வேண்டும் எனக்கு. சும்மா உட்காரத் தெரியாத உடம்பு.

கத்தியைப் பிடித்துக்கொண்டு சுழலும் பகுதிக்கு ஸ்பிண்டில் என்று பேர். முதலில் ஆசாரிகள் வைத்திருக்கும் மோட்டாரைத்தான் அதில் மாட்டியிருந்தேன். மிக்ஸியில் கருங்கல்லைப் போட்டதுபோல் கத்தும், அலுமினியத்தில் பட்டவுடன் மூச்சு வாங்கி வேகம் குறையும், கத்தி ஒடியும். சர்வோ அப்படியில்லை. அதன் வால்பக்கம் ஒரு கண் இருக்கிறது. தான் எவ்வளவு சுற்றினோம் என்பதை அது நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும். சுமை ஏறி வேகம் சற்றுத் தளர்ந்தாலும் தானே அறிந்து, தானே முறுக்கேற்றிக்கொள்ளும். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மோட்டார் என்று அந்த நாட்களில் எழுதிக்கூட வைத்தேன். இப்போது அந்த வரியை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக்கடை. ஏதோ பேக்கிங் மிஷினை உடைத்துக் கொட்டியிருந்தார்கள். குவியலுக்குள் கறுப்பாக, உருளையாக, கண் கெடாமல் ஒரு சர்வோ மோட்டார். கை வைத்தேன். அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை வந்து அதன் மேல் விழுந்தது.

“கைய எடு நைனா. நான் அப்பவே பாத்து வச்சிகினு டீ சாப்ட போனது இது.”

“பார்த்து வைச்சா ஆச்சா? நான் தொட்டுட்டேன்.”

“தொட்டா? இன்னா, தாலி கட்டிட்டியா?”

கடைக்காரர் எடைத்தராசுக்குப் பின்னாலிருந்து சிரித்தார். என் வயதுதான் இருக்கும் அந்த ஆளுக்கு. சட்டைப் பையில் டெஸ்டர், காதில் பென்சில். எஸ்டேட்டில் மின்பெட்டிகளுக்கு ஒயர் இழுக்கிறவன். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் நாற்று நட்ட குடும்பம், வயலெல்லாம் கிடங்கானதும் அண்ணனூருக்கு வந்துவிட்டதாகப் பிறகு சொன்னான்.

“இத்த ஓட்டுறதுக்கு டிரைவ் வேணுமே, கீதா உன்கிட்ட?” என்றான்.

இல்லை என்றேன்.

“என்கிட்ட கீது. இதே கம்பெனி. மோட்டார்தான் இல்ல.”

“அப்ப ரெண்டு பேரும் சேந்து குடும்பம் நடத்துங்கப்பா, எடத்த காலி பண்ணுங்க,” என்றார் கடைக்காரர்.

அப்படித்தான் குடும்பம் நடத்தினோம். வேலை முடிந்து மாலையில் வருவான், ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வருவான். இரண்டாம் வாரமே நான் ‘மச்சான்’ ஆகியிருந்தேன். என்னை மச்சான் என்று கூப்பிட்டுவிட்டால் என் மனைவி அவனுக்குத் தங்கச்சிதானே. நம் ஊர்க் கணக்கு அது. சும்மா வாயோடு போகிற உறவு என்று நானும் விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாதவள். அந்தப் பொங்கலுக்கு அவன் ஒரு கட்டுக் கரும்பும், மஞ்சள் கொத்தும், ஒரு புடவையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். “இன்னாம்மா அப்டி பாக்கற? தங்கச்சி ஊட்டுக்கு அண்ணன் சீர் எட்த்துகினு வர்றது தப்பா?” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறந்த வீட்டுச் சீர் என்ற ஒன்றை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாக வாங்கினாள். அந்தப் புடவையை இப்போதும் நல்ல நாளில் கட்டுகிறாள்.

மிஷினுக்கு வருகிறேன். சர்வோவை ஆட்டிவைக்க எங்களுக்குத் தெரிந்த வழி, டிரைவுக்குள், அதாவது அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் பெட்டிக்குள், ஒரு சின்ன மின்னழுத்தத்தைக் கொடுப்பது. கூட்டினால் வேகம் கூடும், குறைத்தால் குறையும், பூஜ்யம் கொடுத்தால் நிற்கவேண்டும். நிற்காது. பூஜ்யம் என்று கம்ப்யூட்டர் அனுப்பினாலும் ஒயர் வழியே எங்கிருந்தோ ஒரு துளி கசிந்துகொண்டே இருக்கும். அந்தத் துளிக்கு ஸ்பிண்டில் மெல்ல, மிக மெல்ல, தூக்கத்தில் புரள்வதுபோல் நகரும். முதன்முதலில் அதைப் பார்த்தபோது நான் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“சும்மா குந்துன்னா குந்தத் தெரீதா பாரு. அப்டியே நீதான் மச்சான்,” என்றான்.

அதற்காகத்தான் எனேபிள் என்ற ஒற்றை ஒயர். அதில் மின்சாரம் இருக்கிறவரை மோட்டார் விழித்திருக்கும். விழித்திருக்கும்போது கொசு மாதிரி ஒரு ரீங்காரம் அதற்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒயரை அறுத்துவிட்டால் ரீங்காரம் நின்று, தண்டு தளர்ந்து, விரலால் சுற்றினால் சுற்றும். அந்த ஒயரை ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் வழியாகக் கொண்டுபோனோம். பொத்தானுக்குப் பின்னால் இரண்டு இணைப்புகள். ஒன்று கம்ப்யூட்டருக்கு, திரையில் நிறுத்தம் என்று காட்ட. இன்னொன்று டிரைவுக்கு, மோட்டாரை உண்மையிலேயே தூங்கவைக்க. கத்தி மாற்றக் கை உள்ளே போவதற்கு முன் பொத்தானை அமுக்க வேண்டும். இந்த விதியைப் போட்டவன் அவன்தான்.

எங்கள் பக்கத்தில் ‘டைரக்ட்’ என்று ஒரு சொல் உண்டு. பைக் சாவி தொலைந்தால் ஒயரை முறுக்கி டைரக்ட். பிரிட்ஜின் குளிர் அளக்கும் உறுப்பு கெட்டால் டைரக்ட். தண்ணீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்தால் டைரக்ட். எது நடுவில் நின்று ‘வேண்டாம்’ என்கிறதோ அதைத் தாண்டி ஒரு ஒயரைப் போட்டு வாயை அடைத்துவிடுவது. வேலை நடந்துவிடும். ‘டைரக்ட் குடுத்தாச்சு சார், இனிமே பேஜார் இல்லை’ என்பார்கள், ஏதோ வரம் கொடுத்ததுபோல. இவனுக்கு அந்தச் சொல்லே ஆகாது. எஸ்டேட்டில் எவனோ டைரக்ட் கொடுத்துவிட்டுப் போன பெட்டியைத் திறந்து பார்த்த கதையைச் சொல்லும்போதெல்லாம் அவன் கழுத்து நரம்பு புடைக்கும். ஆகவே எங்கள் மிஷினுக்கு அவன் கட்டின மின்பெட்டியை நான் திறந்து பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மனையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரை அதிர்ந்தது, கூரை அதிர்ந்தது, பேசுவதே கேட்கவில்லை. அவன் சமையலறையில் அவளோடு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முந்தின நாள் நான் ஊரில் இல்லை. அவன் தனியாக வந்து யாருக்கோ கடைப்பலகை ஒன்றை வெட்டிக் கொடுத்திருந்தான். நான் அடுத்த வேலைக்குக் கத்தியை மாற்றப் போனேன். பொத்தானை அமுக்கினேன். திரை நிறுத்தம் என்று சொன்னது. ரீங்காரம் நின்றதா என்று எனக்குத் தெரியாது. போர்வெல் சத்தத்தில் என் மூச்சே எனக்குக் கேட்கவில்லை. ஸ்பானரைத் தண்டில் மாட்டித் திருப்பினேன். திரும்பவில்லை. எங்கோ தூசி சிக்கியிருக்கும் என்று இன்னும் அழுத்தினேன்.

மோட்டார் விழித்திருந்தது. ‘நகராதே’ என்று சொல்லப்பட்ட மோட்டார், நகர்த்தப் பார்க்கிற என் கையை எதிர்த்து, நான் தள்ளத் தள்ளத் தன் பலத்தைச் சேர்த்துக்கொண்டே வந்து, சட்டென்று அத்தனையையும் திருப்பிக் கொடுத்தது. ஸ்பானர் சுழன்று இரும்புத் தூணில் மோதியது. நடுவில் என் விரல் இருந்தது.

வலியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. வலி எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆவடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எலும்பு நொறுங்கியிருக்கிறது, நரம்பும் போய்விட்டது என்றார்கள். ஸ்ட்ரெச்சருக்கு ஒரு பக்கம் அவள், மறுபக்கம் அவன். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் அவனைத்தான் பார்த்தாள். “எப்படிண்ணா ஆச்சு?”

“ரெட் பட்டன அமுக்காம கைய உட்டுட்டாம்மா,” என்றான் அவன். பிறகு என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, ஏதோ என்னைக் காப்பாற்றுவதுபோல், “எந்த யோசனைல கீறானோ. கவிஞன்தானே.”

டாக்டர் சிரித்தார். அவளும் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அமுக்கினேன் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னதாக ஞாபகம். ஆனால் யார் நம்புவார்கள்? பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் எதிரிலேயே நின்றவன் நான். ஆவடியில் இறங்க வேண்டியவன் திருநின்றவூரில் இறங்கியிருக்கிறேன். கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறேன். என் ஞாபகம் சாட்சி சொல்ல லாயக்கில்லாதது என்பது தெருவுக்கே தெரியும். எனக்கும் தெரியும். அதனால் ஊசி மருந்தின் மயக்கத்தில் கிடந்தபடியே நான் அந்தக் காட்சியை மாற்றி ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பொத்தானை நோக்கிப் போன கை பாதி வழியில் திரும்பிவிட்டது. திரையைப் பார்த்தது முந்தைய வாரமாக இருக்கலாம். ஓட்ட ஓட்ட அதுதான் உண்மை போல ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் சோற்றைப் பிசைந்து ஸ்பூனை என் இடது கையில் கொடுப்பாள். “பாட்டு எழுதுற ஆளுக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்பாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். குழந்தையிடம் பேசுகிற குரலில் சொன்னாள். இனி அடுப்புப் பக்கம் வராதீங்க, வண்டியை எடுக்காதீங்க, மிஷின் ரூமுக்குப் போகாதீங்க. ஒவ்வொரு சாவியாக என்னிடமிருந்து நகர்ந்துபோய் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டது.

இன்னொன்றும் செய்தேன். அவன் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த ஒரு மாலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: “நீ போட்ட ரூல். நான்தான் கெடுத்துட்டேன் மச்சான். மன்னிச்சுக்கோ.”

அவன் கையை உருவிக்கொண்டான். “உட்றா. ஆனது ஆயிப்போச்சு,” என்றான். பழத்தை உரித்தான், சுளை சுளையாக எனக்கு ஊட்டினான். நானும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

தையல் பிரித்துச் சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம். அவள் மார்க்கெட் போயிருந்தாள், சாவியைக் குழம்புச் சட்டிக்குப் பின்னால் மறந்துவிட்டு. மிஷினைத் தொடும் எண்ணம்கூட இல்லை. தூசி தட்டலாம், பார்க்கலாம், அவ்வளவுதான். போர்வெல் வண்டி போயே வெகுநாள் ஆகியிருந்தது. தெரு அமைதியாக இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். கொசு ரீங்காரம் எழுந்தது. ஒரு பழைய தோழி கூப்பிடுவதுபோல இருந்தது எனக்கு. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

திரையில் நிறுத்தம் என்று வந்தது.

ரீங்காரம் நிற்கவில்லை.

எடுத்தேன், மறுபடி அமுக்கினேன். நிற்கவில்லை. மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியின் மூடியைக் கழற்றினேன், இடது கையால், ஸ்குரூ டிரைவர் வழுக்க வழுக்க. வரிசை வரிசையாக அவன் இழுத்த ஒயர்கள், வகிடெடுத்துச் சீவியதுபோல. எனேபிள் ஒயர் பொத்தானுக்குப் போகிற முனைக்கும் அது திரும்பி வருகிற முனைக்கும் நடுவில், விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு ஒயர் குறுக்கே பாலம் போட்டிருந்தது. பொத்தான் அமுங்கினாலும் அமுங்காவிட்டாலும் மின்சாரம் அந்தப் பாலத்தில் போய்விடும். டைரக்ட்.

அந்த ஒயரிலும் நம்பர் போட்டிருந்தான். அதுதான் அவன். ஒயரின் இரு முனையிலும் வெள்ளை வளையத்தில் எண் மாட்டாமல் ஒரு பெட்டியை மூடவே மாட்டான். திருட்டுத்தனமாகப் போட்ட ஒயருக்கும் இரண்டு பக்கமும் வளையம் மாட்டி, முனையை அழகாக நசுக்கி, திருகாணியில் இறுக்கி வைத்திருந்தான். வேறு எவன் போட்டிருந்தாலும் வெறும் செம்பை முறுக்கிச் சொருகிவிட்டுப் போயிருப்பான்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கம் கெட்ட சந்தோஷம். அமுக்கினேன்! நான் அமுக்கினேன்! என் கை பாதி வழியில் திரும்பவில்லை. என் கண் பார்த்ததைத்தான் பார்த்தது. தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு தொண்டையில் இருக்கும்போதே ஆரஞ்சுச் சுளையின் ருசி நாக்கில் வந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

போன் செய்தேன். சாயங்காலம் வந்தான். அவள் சமையலறையில் இருந்தாள். பெட்டியைத் திறந்துவைத்து, கழற்றிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாது மச்சான் இது?”

“நீதான் சொல்லணும்.”

பார்த்தான். தெரியாதவன்போல் நடிக்கவில்லை, அந்த மட்டும் நியாயமாக நடந்துகொண்டான். “அன்னிக்கி பலகை வெட்டிகினு கீறேன், நடுவுல நடுவுல கட்டாவுது. பட்டன் உள்ள காண்டாக்ட் லூசு. ஆளு வந்து வெளிய நின்னுகினு கீறான். டைரக்ட் குத்துட்டேன். முடிஞ்சதும் எடுக்கணும்னுதான் நெனச்சேன். மறந்துட்டேன் மச்சான், சத்தியமா.”

“மறந்ததை நான் கேட்கலை. மறக்கிறதுல உனக்கு நான் அண்ணன். ஆஸ்பத்திரியில நான் பட்டனை அமுக்கலைன்னு சொன்னியே. அது?”

அவன் டெஸ்டரின் மூடியைத் திறந்து மூடினான். “தங்கச்சி என் மூஞ்சிய பாத்து கேட்டுச்சு. எப்டிண்ணா ஆச்சுன்னு. வாய்ல அதான் வந்துச்சு.”

“அப்புறம்? இத்தனை நாள்?”

“ஒருக்கா சொல்ட்டு அப்பால எப்டிடா மாத்தி சொல்றது? நீ வேற வந்து மன்னிப்பு கேக்கற. நான் இன்னா பண்ண?”

“ஊட்டிவிட்டியே. அதைப் பண்ணினே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அவன் அழ வேண்டியதில்லை, காலில் விழ வேண்டியதில்லை. விரல் போனது போனதுதான். நான் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “உள்ளே போய் அவகிட்டச் சொல்லு. நான் அமுக்கினேன்னு சொல்லு. அது போதும்.”

“சொல்றேன்,” என்றான். போனான். நான் சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றேன். தாளிக்கிற சத்தம் அடங்கியது.

“தங்கச்சி, ஒன்னு சொல்லணும்மா.”

“சொல்லுங்கண்ணா.”

கரண்டியை அவள் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“இன்னா ஒன்னியும் இல்ல. அந்த மிஷின நான் எங்க ஊட்டாண்ட எட்த்துகினு போயிடறேம்மா. இவன் கைக்கு எட்டாத எடத்துல வச்சிடறேன்.”

“நல்ல வேளைண்ணா. நானே எப்படிக் கேட்கறதுன்னு இருந்தேன். உட்காருங்க, காபி போடறேன்.”

நான் உள்ளே போனேன். ஒயரைக் கையில் ஏந்தி அவள் முன்னால் நீட்டினேன். “இதைப் பாரு. இவன் போட்டது. நான் பட்டனை அமுக்கினேன், இதனாலதான் மோட்டார் நிக்கலை.” வேகமாகச் சொன்னேன், மூச்சு முட்டச் சொன்னேன், எனேபிள் என்றேன், டைரக்ட் என்றேன், கைகள் ஆடின, மடங்காத விரல் அவன் பக்கமே நீண்டுகொண்டிருந்தது. அவள் ஒயரைப் பார்த்தாள். விரல் நீளச் சிவப்பு ஒயர். பூக்காரி பூக் கட்டுகிற நார் என்று சொன்னாலும் நம்பிவிடலாம், அவ்வளவு சின்னது. பிறகு அவனைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டான்.

அவள் அவனிடம் சொன்னாள், என் முன்னால், மெல்ல: “அவருக்கு இன்னும் மனசு ஆறலைண்ணா. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

அவன் ஊதி ஊதிக் காபி குடித்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் என்னை நம்பியிருக்கலாம், அப்போது அவளுக்கு அண்ணன் இருந்திருக்க மாட்டான். அல்லது நம்பாமலே போயிருக்கலாம், அப்போது எனக்கு அவள் இருந்திருக்க மாட்டாள். இரண்டில் எதையும் தெரிந்துகொள்கிற தைரியம் எனக்கு வரவில்லை. அவனுக்கு அது தெரிந்திருந்தது. அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

வழியனுப்ப அவள் வாசல்வரை வந்தாள், பிறகு அடுப்பைப் பார்க்க உள்ளே திரும்பினாள். கேட்டருகில் நானும் அவனும் மட்டும். வண்டியை உதைத்தான், ஏறினான், கிளம்பாமல் நின்றான்.

“மச்சான்,” என்றான், என் முகத்தைப் பார்க்காமல். “மிஷின எடுக்க ஞாயித்துக்கெயம வரட்டா?”

“உன் தங்கச்சியைக் கேட்டுக்கோ.”